பதினேழு வயதில் எழுதிய தாள்

எங்கள் வீட்டு இரும்பு பீரோவின் அடித்தட்டில், வீட்டுப் பத்திரத்துக்கும் பழைய ரேஷன் கார்டுக்கும் கீழே, என்னுடைய பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் இருக்கிறது. 1992 மார்ச். இயற்பியல் 131, வேதியியல் 138, உயிரியல் 152, ஒவ்வொன்றும் 200க்கு. என் அண்ணன் மகளின் பட்டியல் 2013 மார்ச்சில் எழுதிய தேர்வுக்கானது. இயற்பியல் 112, வேதியியல் 121, உயிரியல் 138. மூன்று பாடத்திலும் அவள் என்னைவிடக் குறைவு. நான் வங்கியில் வேலை பார்த்தே முடி நரைத்தவன். அவள் 2025-இல், தன் இருபத்தொன்பதாவது வயதில், ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முதலாண்டு சேர்ந்திருக்கிறாள்.

எனக்கும் மருத்துவம் படிக்கும் ஆசை இருந்தது. அன்றைய கணக்கு 300க்கு. பிளஸ் டூவில் எடுத்த உயிரியல் மதிப்பெண்ணை 100க்கும், இயற்பியல், வேதியியல் இரண்டையும் 50, 50க்கும் சுருக்குவார்கள். அதோடு நுழைவுத் தேர்வுக்கு 100. இந்த நுழைவுத் தேர்வு எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது 1984-இல் வந்தது. என் 200க்கான பங்கு 143.25. நுழைவுத் தேர்வில் 61.5. ஆக 204.75. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் கடைசி இடம் பெற்றவருக்கும் எனக்கும் இடையே எத்தனையோ ஆயிரம் பேர் நின்றிருப்பார்கள். அப்போது தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒன்பது: சென்னையில் மூன்று, செங்கல்பட்டு, தஞ்சாவூர், மதுரை, கோவை, திருநெல்வேலி, சேலம். இன்று 36. 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் 11 கல்லூரிகள் திறக்கப்பட்டன.

தேர்வு முடிவு வந்த அன்று மாலைப் பத்திரிகையில் நம்பர் இருந்ததைப் பார்த்து வீட்டில் மகிழ்ந்தார்கள். மதிப்பெண் தெரிந்த பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இம்ப்ரூவ்மெண்ட் எழுதலாம் என்றார் என் விலங்கியல் ஆசிரியர். மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்வதற்காகப் பிளஸ் டூ தேர்வை மறுபடி எழுதும் அந்த வழி அன்று இருந்தது. ஆனால் ஓர் ஆண்டு வீட்டில் இருக்க வேண்டும், டியூஷனுக்குப் பணம் வேண்டும், அதற்குப் பிறகும் 204 எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பி.எஸ்சி. இயற்பியலுக்கு விண்ணப்பம் வாங்கி வந்தார். அதோடு முடிந்தது. இருபத்தைந்து வயதில் வங்கி கவுண்டரில் உட்கார்ந்திருந்த நான், மறுபடி மருத்துவம் படிக்க முடியுமா என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. யோசிக்க இடம் இருந்ததாகவே எனக்குத் தெரியாது.

எனக்கு முந்தைய காலத்தில் வேறு வாசல்கள் இருந்திருக்கின்றன. சென்னை ராயபுரத்தில் இருந்த மருத்துவப் பள்ளியில் எல்.எம்.பி. படிப்பு இருந்தது, பட்டம் இல்லை, ஆனால் ஊரில் வைத்தியம் பார்க்க உரிமை உண்டு. பல்கலைக்கழக எம்.பி.பி.எஸ். எட்டாதவர்கள் அந்தப் படி வழியே ஏறினார்கள். சில ஆண்டுகள் தொழில் பார்த்துவிட்டு, பிறகு எம்.பி.பி.எஸ். முடித்தவர்களும் உண்டு. அந்தப் பள்ளிதான் 1938-இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆனது. 1946-இல், நாட்டின் மருத்துவ ஏற்பாட்டை ஆராய்ந்த போர் (Bhore) குழு இரண்டு தர மருத்துவர்கள் வேண்டாம், எல்லோருக்கும் ஒரே அடிப்படைப் பட்டம் என்று பரிந்துரைத்தது. நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் அது சரியான முடிவு. ஆனால் தாமதமாக வந்தவன் கால் வைக்க இருந்த இடைப்படியும் அதோடு போயிற்று.

இன்னொரு செய்தி என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. கல்லூரி இடங்களைச் சாதிவாரியாகப் பிரித்த வகுப்புவாரி அரசாணையை எதிர்த்து 1950-இல் சென்னை உயர் நீதிமன்றம் சென்ற செண்பகம் துரைராஜன், பள்ளி முடித்த கையோடு வந்த மாணவி அல்ல. இயற்பியலும் வேதியியலும் படித்து 1934-லேயே பட்டம் வாங்கியவர். பதினாறு ஆண்டு கழித்து மருத்துவம் படிக்க விரும்பியதாக மனுப் போட்டார். அவர் விண்ணப்பிக்கவே இல்லை என்பதும் வழக்கில் பதிவானது. அன்றைய சென்னை மாகாணம் முழுவதற்கும் நான்கு மருத்துவக் கல்லூரிகள், 330 இடங்கள். அரசாணை செல்லாது என்று வந்த தீர்ப்பை அடுத்துத்தான் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது, இடஒதுக்கீடு உறுதிப்பட்டது. என் குடும்பத்தில் முதல் பட்டதாரி உருவானது அந்தத் திருத்தத்தின் நிழலில்தான். வழக்கை நாம் அதற்காக நினைவு வைத்திருப்பது நியாயம். ஆனாலும் முப்பது வயதைக் கடந்த ஒரு பெண் மருத்துவம் படிக்க நினைத்தார் என்பது அந்தக் காகிதங்களுக்குள் கிடக்கிறது. 1992-இல் எனக்கு அது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில சமயம் நினைப்பேன்.

என் காலத்துக்குப் பிறகு வாசல் இன்னும் ஒடுங்கியது. 2007-இல் நுழைவுத் தேர்வு சட்டப்படி நீக்கப்பட்டது. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாத கிராமத்துப் பிள்ளைகளுக்காகச் செய்தது அது. அவர்களுக்கு நன்மையும் விளைந்தது. அதன் பிறகு 2016 வரை பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே, 200க்குக் கட்-ஆஃப். கால் மதிப்பெண் வித்தியாசத்தில் நூற்றுக்கணக்கானோர் நின்றார்கள். மதிப்பெண் எல்லாம் சமமாகிவிட்டால் கடைசியில் ரேண்டம் எண் போட்டு வரிசைப்படுத்தினார்கள். என் அண்ணன் மகள் பிளஸ் டூ முடித்தது இந்தக் காலத்தில். அவளுடைய கட்-ஆஃப் 127.25. 195-க்கு மேல் இருந்தவர்கள்கூட இரவில் தூங்காத ஆண்டுகள் அவை. பதினேழு வயதில் எழுதிய மூன்று தாளைத் தவிர வேறு எதையும் அந்த முறை பார்க்காது. பிறகு எழுதித் திருத்தவும் இடமில்லை. பணம் இருந்தவர்களுக்கு அன்றும் வேறு ஊர் இருந்தது, மணிப்பாலும் ரஷ்யாவும். அண்ணனுக்கு அது இல்லை. அவள் பொறியியல் கலந்தாய்வுக்குப் போனாள்.

2017-இல் நீட் தமிழ்நாட்டுக்கு வந்தது. 180 கேள்வி, 720 மதிப்பெண். சரியான விடைக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழியும். பாதிக் கேள்விகள் உயிரியலில். பிளஸ் டூ மதிப்பெண் அதற்குப் பிறகு ஒரு தகுதிக் கோடு மட்டும்: இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்து நூற்றுக்கு 50, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40. அந்தக் கோட்டைத் தாண்டியவர் 51 எடுத்தவரானாலும் 99 எடுத்தவரானாலும் ஒன்று. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பில்லை.

வயதைத்தான் கொஞ்ச காலம் இழுத்தார்கள். 2018 ஜனவரியில் மேல் வயது 25, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று விதி வந்தது. அதே ஆண்டு மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் வயது கடந்தவர்களும் தற்காலிகமாகத் தேர்வு எழுதலாம் என்றது. 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் உச்ச வயது இல்லை என்று எழுதி அனுப்பியது. அதற்கு முன்பே, 2020-இல், ஒடிசாவில் 64 வயதான ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் புர்லா அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருந்தார். எங்கள் கிளையில் அந்தச் செய்தியை வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தோம். 2023 நவம்பரில் இன்னொரு கதவும் திறந்தது. பிளஸ் டூவில் உயிரியல் படிக்காதவர்களும் பிறகு அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் நீட் எழுதலாம் என்றது ஆணையம். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவன் டாக்டராக முடியாது என்பது என் தலைமுறையில் பத்தாம் வகுப்பு விடுமுறையிலேயே முடிவாகிவிடும் காரியம்.

அவள் கதைக்கு வருகிறேன். 2017-இல் இரண்டு அரியர் வைத்துப் பொறியியல் முடித்தாள். அடுத்த ஆண்டு அவற்றை முடித்து, சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தாள். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், என் அம்மாவை மதுரை பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அண்ணனுக்கும் எனக்கும் தொற்று. ஊரிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த அவள்தான் பதினொரு நாள் அப்பத்தாவுடன் இருந்தாள். ஆக்சிஜன் அளவைக் குறித்துவைத்து எங்களுக்கு அனுப்புவாள். முதல் நாள் வெறும் எண். நான்காம் நாளிலிருந்து எண்ணுக்குப் பக்கத்தில் கேள்விகள். குப்புறப் படுத்தால் ஏன் அளவு கூடுகிறது, ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை ஏன் ஏறுகிறது. அங்கே பணியில் இருந்த ஒரு ஹவுஸ் சர்ஜன், பாதுகாப்பு உடைக்குள் வியர்த்துக்கொண்டே அவளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னாராம். அம்மா பிழைத்து வந்தார்கள். ஓர் ஆண்டு கழித்து அவள் என்னிடம் வந்து, “சித்தப்பா, எம்.பி.பி.எஸ். படிக்கலாம்னு இருக்கேன். அப்பாகிட்ட நீங்கதான் பேசணும்” என்றாள்.

நான் முதலில் கேட்டது, “உன் மார்க் எவ்வளவும்மா?” முப்பது ஆண்டு கழித்தும் என் வாயில் அதுதான் வந்தது. “அது கணக்கில்ல சித்தப்பா. அறுபத்தொண்ணு பர்சண்ட் இருக்கு, போதும்” என்றாள்.

2022-இல் வேலையை விட்டாள். சேமிப்பு இருந்தது, அதுதான் அவளுடைய மூன்று ஆண்டுக்கும் சோறு போட்டது. என் காலத்தில் படிப்பு என்றால் ஆண்டு முழுவதும் பாடப் புத்தகத்தை மனப்பாடம் செய்வதும், பழைய கேள்வித்தாளில் பத்து மதிப்பெண் வினா எது எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணுவதும்தான். பிளஸ் டூவுக்கும் நுழைவுத் தேர்வுக்கும் நடுவில் கிடைத்தது சில வாரங்கள். அவள் என்சிஇஆர்டி உயிரியலை வரி வரியாகப் படித்தாள். படத்துக்குக் கீழே உள்ள சிறிய எழுத்தைக்கூட விடவில்லை. ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு. ஒவ்வொரு தவறுக்கும் ஒரு நோட்டில் காரணம்: தெரியாதது, மறந்தது, அவசரம். அந்த மூன்றாம் சொல்தான் முதல் ஆண்டு அதிகம் இருந்தது.

2023-இல் வெகு தூரம் தள்ளி நின்றாள். 2024-இல் நூறு மதிப்பெண்ணுக்கு மேல் கூடியது, ஆனால் நாடு முழுவதும் எல்லோருக்கும் கூடியிருந்தது. 67 பேர் 720க்கு 720 என்று முதலில் முடிவு வந்த ஆண்டு அது. வினாத்தாள் கசிவு, கருணை மதிப்பெண், உச்ச நீதிமன்றம் என்று இரண்டு மாதம் ஓடியது. அந்த நாட்களில் அவளோடு பணியில் சேர்ந்தவர்கள் டீம் லீடர் ஆகிவிட்டார்கள், இருவருக்குக் குழந்தை பிறந்தது. அண்ணி வரன் பார்ப்பதை நிறுத்திவிட்டு, பிறகு மறுபடி தொடங்கி, மறுபடி நிறுத்தினார்கள். 2025 மே 4 அன்று மூன்றாம் முறை எழுதினாள். இயற்பியல் மிகக் கடினம் என்று எல்லோரும் சொன்ன தேர்வு அது. பொறியியல் படித்தவளுக்கு அது கை கொடுத்தது என்று நினைக்கிறேன்.

அவள் சேர்ந்ததில் எனக்கு இருக்கும் சந்தோஷம் சாதாரணமானதல்ல. ஆனால் அந்தச் சந்தோஷத்தோடு எங்கள் தெருவில் நடக்கும்போது ஒரு வீட்டைக் கடக்க வேண்டியிருக்கிறது. பூ கட்டி விற்கும் ஓர் அம்மாவின் வீடு. அவர் மகள் 2024-இல் பிளஸ் டூவில் 600க்கு 561 எடுத்தாள். பழைய 200 கணக்கில் 193 வரும். நீட் ஒரே ஒரு முறை எழுதினாள்; கிடைக்கவில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு அவளுக்குப் பொருந்தாது, ஏனென்றால் அவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. “இன்னொரு வருசம் வீட்ல வச்சுப் படிக்கவைக்க நமக்கு ஏது சார்” என்று அவள் அம்மா வங்கிக்கு வந்தபோது சொன்னார். பிள்ளை இப்போது நர்சிங் படிக்கிறாள். 1992-இல் என் அப்பா விண்ணப்பம் வாங்கி வந்ததும் இதே காரணத்துக்காகத்தான். ஆனால் என்னிடம் மதிப்பெண் இல்லை, அவளிடம் இருந்தது.

நீட்டின் விளைவை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 2016-17-இல் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில், மறுபடி எழுதி வந்தவர்கள் நூற்றுக்கு 12.47. 2020-21-இல் 71.42. நான் அந்த எண்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். என் அண்ணன் மகள் பின்னர் வந்தாலும் அந்த எழுபத்தொன்றின் பக்கம் நிற்கிறவள். பூக்கார அம்மாவின் மகள் சுருங்கிப்போன மற்றப் பக்கத்தில் நிற்க முயன்றவள். இரண்டாம் வாய்ப்பு எல்லோருக்கும் சட்டப்படி திறந்திருக்கிறது. அதை எடுத்துக்கொள்ள ஓர் ஆண்டோ மூன்று ஆண்டோ சம்பாதிக்காமல் இருக்க முடிய வேண்டும். நாமக்கல் பக்கம் ஒரு காலத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காகப் பெயர் பெற்ற விடுதிப் பள்ளிகளின் ஊர். இப்போது அங்கே நீட்டுக்காக மறுபடி எழுதுகிறவர்கள் தங்கிப் படிக்கிறார்கள்.

அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். 2017-இல் பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தவர். முந்தைய ஆண்டு வரை இருந்த முறையில் அவருக்கு நிச்சயம் இடம் உண்டு. உச்ச நீதிமன்றம் வரை சென்றும் பலனில்லாமல் செப்டம்பர் 1 அன்று அவர் உயிரை விட்டார். இன்று அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் கலையரங்கத்துக்கு அவர் பெயர். அந்தக் கல்லூரி அவர் காலத்தில் இல்லை. ஐந்து ஆண்டு பொறுத்திருந்தால் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பதினேழு வயதுப் பெண்ணிடம், அதுவும் சரியாகப் படித்து முடித்த பெண்ணிடம், பொறுத்திரு என்று கேட்கும் உரிமை யாருக்கும் இருந்ததில்லை.

நீட் வேண்டாம் என்று சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு நானும் மனதார ஆதரவாக இருந்தவன். பழையபடி பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் என்று வந்தால் அண்ணன் மகளைப் போன்றவர்களுக்கு வழி என்ன என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். இரு தரப்பு விவாதத்திலும் அவளைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. பள்ளியை முடித்து வருகிறவர்களுக்கே பெரும்பகுதி இடம், வேறு தொழில் பார்த்து வருகிறவர்களுக்கென்று ஒரு சிறு பங்கு, தனியாக ஒரு தேர்வு என்று இருந்தால் என்ன? நான் சட்டம் அறிந்தவன் அல்ல. ஆனால் இந்த இரண்டு பெண்களும் ஒரே இடத்துக்காக ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

அவளுக்கும் எல்லாம் எளிதல்ல. நாலரை ஆண்டுப் படிப்பு, ஓர் ஆண்டுப் பயிற்சி. முடிக்கும்போது முப்பத்தைந்தைத் தொடுவாள். மேல்படிப்பு என்றால் நாற்பதை நெருங்கும். அனாடமியில் எலும்பின் பெயர்களை உடன் படிக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் ஒரு வாசிப்பில் பிடித்துக்கொள்கிறார்கள், எனக்கு மூன்று வாசிப்பு வேண்டியிருக்கிறது என்றாள். அந்தப் பிள்ளைகள் அவளை “அக்கா” என்று அழைக்கிறார்கள். நோயாளியின் உறவினர் அழுதால் என்ன சொல்வது என்று அவளிடம்தான் வந்து கேட்கிறார்களாம்.

சேர்க்கை நாளன்று நானும் உடன் போயிருந்தேன். சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் ஒரு நடுத்தர வயது அம்மா இருந்தார். நீட் மதிப்பெண் அட்டை, ஒதுக்கீட்டு ஆணை, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று என்று ஒவ்வொன்றாக வாங்கினார். பிறகு 2013-ஆம் ஆண்டின் அந்த மதிப்பெண் பட்டியல். அது மேசைக்குப் போனபோது என் உள்ளங்கை வியர்த்தது. 112, 121, 138 என்று மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஆள்காட்டி விரலை மூன்று பாடத்தின் மேல் இறக்கினார். கால்குலேட்டரைக்கூட எடுக்கவில்லை. பச்சை மையால் ஒரு டிக். தாளைத் திருப்பிப் போட்டுவிட்டு, “மாற்றுச் சான்றிதழ் ஒரிஜினல் இருக்காம்மா?” என்றார்.